கணினி கேள்வி பதில்: எக்செல் ஷீட் படமாவது எப்படி?

கேள்வி: எங்கள் நூலகத்தில் எந்த மாதம் எந்தப் பிரிவில் எத்தனை புத்தகம் வெளியே போயின என்று எக்செலில் கணக்கு வைத்திருக்கிறேன். அதைப் படமாக்கிப் பார்க்க ஆசை. புரோகிராமிங் தெரியாது, காசு செலவழிக்கவும் வழியில்லை. எதில் தொடங்கலாம்?

பதில்: டேப்லோ பப்ளிக் என்ற, வரைபடம் போடும் மென்பொருளில் தொடங்குங்கள். இலவசம், விண்டோஸ், மேக் இரண்டிலும் ஓடும். ஆனால் இன்ஸ்டால் செய்த கையோடு அதைத் திறக்காதீர்கள். முதலில் உங்கள் ஷீட்டைப் பாருங்கள். நான் பார்க்காமலே சொல்கிறேன்: உச்சியில் நாலு கட்டத்தை மெர்ஜ் செய்து கொட்டை எழுத்தில் ஒரு தலைப்பு, கீழே ஒரு காலி வரி, இடப்பக்கம் நாவல், வரலாறு, சிறுவர் நூல் என்று பிரிவுகள், மேலே ஜனவரி முதல் டிசம்பர் வரை பன்னிரண்டு பத்திகள், அடியில் 'மொத்தம்'. சரிதானே? பிரின்ட் எடுத்து நோட்டீஸ் போர்டில் ஒட்ட அருமையாக இருக்கும். மென்பொருளுக்கு ஆகாது.

உங்களுக்கு மாதம் என்பது ஒரே விஷயம். அதற்கோ பன்னிரண்டு தனித்தனிப் பத்திகள். மாதத்தைக் கிடைக்கோட்டில் வை என்றால் எதை வைக்கும்? அப்படி ஒரு பத்தியே ஷீட்டில் இல்லையே! தேவை மூன்றே பத்தி: பிரிவு, மாதம், எண்ணிக்கை. நாவல், ஜனவரி, 42 என்பது ஒரு வரி. நாவல், பிப்ரவரி, 38 அடுத்த வரி. ஐந்து பிரிவு இருந்தால் 60 வரி வரும். வரட்டும்.

இதைக் கையால் தட்டச்சு செய்ய வேண்டாம். தலைப்பு, காலி வரி, 'மொத்தம்' மூன்றையும் நீக்குங்கள். மொத்தத்தை விட்டுவைத்தால் அதையும் ஒரு பிரிவாக எண்ணி எல்லாவற்றையும் இரட்டிப்பாக்கிவிடும். ஜனவரி என்ற தலைப்பை 2024-01-01 என்று மாற்றுங்கள், மற்ற மாதங்களையும் அப்படியே. இதைச் செய்யாதவர்களின் வரைபடத்தில் ஆண்டு அக்டோபரில் தொடங்கும், அடுத்து ஆகஸ்ட், அப்புறம் ஏப்ரல். அகர வரிசை! பிறகு டேப்லோவில் ஷீட்டைத் திறந்து, டேட்டா சோர்ஸ் பக்கத்தில் பன்னிரண்டு பத்திகளையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து, ரைட் கிளிக் செய்து பிவட் கொடுங்கள். மாதம் ஒன்று, எண்ணிக்கை ஒன்று என இரண்டு பத்தியாகச் சுருங்கிவிடும். மாதப் பத்தியின் தலையில் இருக்கும் குறியைச் சொடுக்கி, தேதி என்று மாற்றினால் வேலை முடிந்தது.

இனி தேதியை காலம்ஸ் (Columns) என்ற பட்டையிலும் எண்ணிக்கையை ரோஸ் (Rows) என்ற பட்டையிலும் இழுத்துப் போடுங்கள். முதலில் ஆண்டு முழுவதையும் ஒரே புள்ளியாகக் காட்டும். பதற வேண்டாம். தேதியில் ரைட் கிளிக் செய்து மாதத்தைத் தேர்ந்தெடுங்கள், கோடு விரியும்.

கேள்வி: உறுப்பினர்களின் பெயர், போன் நம்பர் உள்ள பட்டியலையும் அதில் ஏற்றலாமா? படத்தில் பெயரைக் காட்டப்போவதில்லை.

பதில்: கூடவே கூடாது. டேப்லோ பப்ளிக்கில் செய்ததை இணையத்தில் வெளியிட்டால் யாரும் பார்க்கலாம். படத்தில் தெரியாவிட்டாலும், ஒர்க்புக்கை டவுன்லோடு செய்கிறவர் கைக்கு உள்ளிருக்கும் டேட்டாவும் போய்ச் சேரலாம். டவுன்லோடைத் தடுக்க செட்டிங் இருக்கிறது. அதை நம்பி இதில் இறங்காதீர்கள், அந்தப் பத்திகளை எக்செலிலேயே அழித்துவிடுங்கள். வெளியே போகவே கூடாத டேட்டா என்றால் பவர் பி.ஐ. டெஸ்க்டாப். அதுவும் இலவசம்தான், விண்டோஸில் மட்டும் ஓடும், ஃபைல் உங்கள் கணினியிலேயே இருக்கும். அவசரத்துக்கு ஒரே ஒரு படம் போதுமா? ரா கிராஃப்ஸ் இருக்கிறது. மிலான் பாலிடெக்னிக்கின் ஆய்வகம் ஒன்றில் உருவான ஓப்பன் சோர்ஸ் கருவி. பிரவுசரில் ஒட்டினால் வரைந்து தரும், டேட்டாவை சர்வருக்கு அனுப்பாது.

கேள்வி: சி.எஸ்.வி. ஃபைலாகச் சேமித்தால் தமிழ் எல்லாம் கேள்விக்குறியாகிவிடுகிறதே?

பதில்: எக்செலில் சேவ் ஆஸ் கொடுக்கும்போது சி.எஸ்.வி. என்ற பெயரில் ஒன்றுக்கு மேற்பட்டவை வரும். 'சி.எஸ்.வி. யு.டி.எஃப்-8' (CSV UTF-8) என்பதைத் தேர்ந்தெடுங்கள், அதில் தமிழ் எழுத்து அப்படியே நிற்கும். கேள்விக்குறியாகிவிட்ட பழைய ஃபைலிலிருந்து தமிழை மீட்க முடியாது, மூல எக்செலுக்குத்தான் போக வேண்டும்.

கேள்வி: எங்கள் தலைவருக்கு பை சார்ட் என்றால் உயிர். எட்டுப் பிரிவையும் வட்டத்தில் கேட்கிறார். என்ன சொல்ல?

பதில்: பை சார்ட்டை 1801-ல் வில்லியம் பிளேஃபேர் அச்சில் கொண்டுவந்தார். அதே மனிதர்தான் 1786-ல் பார் சார்ட்டையும் வெளியிட்டார். தலைவர் அதை ஏன் கேட்கமாட்டேன் என்கிறாரோ! 1984-ல் வில்லியம் கிளீவ்லண்ட், ராபர்ட் மெக்கில் என்ற இரு புள்ளியியலாளர்கள் எந்தப் படத்தைக் கண் சரியாகப் படிக்கிறது என்று சோதித்துப் பார்த்தார்கள். ஒரே அளவுகோலில் உள்ள நீளங்களை ஒப்பிடும் துல்லியம் கோணங்களை ஒப்பிடுவதில் நம் கண்ணுக்கு வரவில்லை. எட்டுத் துண்டில் 13 சதவீதம் எது, 15 எது என்று அவரையே கேளுங்கள். பக்கத்தில் அதே கணக்கை, பூஜ்யத்தில் தொடங்கும் பார் சார்ட்டாக, பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கிக் காட்டுங்கள். அப்புறமும் வட்டம்தான் வேண்டும் என்றால் முதல் இரண்டு பிரிவை வைத்துக்கொண்டு மீதியை 'மற்றவை' ஆக்கிக் கொடுத்துவிடுங்கள். மூன்று துண்டுக்கெல்லாம் தலைவரோடு சண்டை வேண்டாம்.