கடலையளவு இடம், கையை ஏன் வீசுகிறது?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு மகள் கேட்கிறார்: 'அம்மாவுக்கு 71 வயது, பிரஷரும் சீனி வருத்தமும் இருக்கு. போன கிழமை பிளேன்டி குடிக்கும்போது இடது கை தன்பாட்டில் வீசத் தொடங்கிற்று. கோப்பை சுவரில் போய் அடித்தது. நித்திரையில் மட்டும் கை அடங்குகிறது. மூளையின் வலப்பக்கம் சப்தலாமிக் நியூக்ளியஸில் சின்னப் பாரிசவாதம் என்கிறார்கள். பாரிசவாதம் என்றால் கை விழத்தானே வேணும்? இது வலிப்பா? நூல் கட்டச் சொல்லுகினம்.'

நூல் கட்டுவதால் கெடுதல் இல்லை. அதை நம்பிக் குளிசையை நிறுத்தினால்தான் கெடுதல்.

இது வலிப்பு அல்ல, ஹெமிபலிஸ்மஸ்: உடம்பின் ஒரு பக்கக் கைகால் தன்பாட்டில் வீசுவது. கிரேக்கத்தில் 'எறிதல்' என்ற சொல்லிலிருந்து வந்த பெயர். மூளையின் நடுவில் செய்திகளைக் கடத்திவிடும் தலாமஸுக்குக் கீழே இருக்கும் அந்தச் சப்தலாமிக் நியூக்ளியஸ், வில்லை வடிவானது, ஒரு கடலையளவும் தேறாது. 1865இல் பிரெஞ்சு மருத்துவர் லூயிஸ் அதை விவரித்தார்.

உங்கள் ஊரில் கடற்கரைக்கு இறங்கும் வீதிகளில் ரயில் கேற் பார்த்திருப்பீர்கள். மணி அடித்தால் காவலர் கேற்றை இறக்குவார். இந்த நியூக்ளியஸ்தான் மணி. காவலர், குளோபஸ் பாலிடஸ் என்ற பக்கத்துப் பகுதி. அவர் கேற்றை இறக்கிவைத்திருப்பதால்தான் வேண்டாத அசைவுகள் தலாமஸைத் தாண்டி மூளையின் மேலடுக்கான புறணிக்குப் போவதில்லை. மணி பழுதானால் கேற் திறந்தபடி கிடக்கும். அசைவுக்கான நரம்புப் பாதை சேதமாகவில்லை, ஆகவே கை விழவில்லை. அடக்குவது கெட்டதால் வீசுகிறது. வலப்புறணி இடது உடம்பை ஆள்வதால் வீச்சு இடது கையில். உடம்பு இறுகி அசைவு மந்தமாகும் பார்கின்சன் நோயில் இதற்கு நேரெதிர்: மணி ஓயாமல் அடிக்கும், வேண்டிய அசைவும் தடைப்படும். அதனால்தான் மணியை அடக்கச் சில நோயாளிகளுக்கு இதே இடத்தில் மின்முனை பதிக்கிறார்கள்.

பெரும்பாலானோருக்குக் கிழமைக்கணக்கில் வீச்சு தானாகக் குறையும். அதுவரை டெட்ராபெனசின் அல்லது ஹலோபெரிடோல் கொடுப்பதுண்டு. அளவு கூடினால் அம்மா தூங்கி வழிவார், உடம்பு இறுகும், விழுங்கக் கஷ்டப்படுவார். அப்படியென்றால் கிளினிக்கில் சொல்லுங்கள், நீங்களாகக் குறைக்க வேண்டாம். சீனியையும் உடனே பாருங்கள். பாரிசவாதமே இல்லாமல், சீனி எக்கச்சக்கமாக ஏறினாலும் இதே மாதிரிக் கை ஆடும். சீனி இறங்க அடங்கும்.

கட்டிலின் சுவர்ப்பக்கம் தலையணை அடுக்குங்கள். கையைக் கட்டிவைக்காதீர்கள், தோல் உரியும். வளையல்களைக் கழற்றிவிடுங்கள். பிளேன்டியை ஆறவைத்து, மூடியுள்ள கோப்பையில், வலது கையில் கொடுங்கள். முகம் கோணினாலோ, பேச்சுக் குழறினாலோ காத்திருக்காமல் 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள்.