வேலையை விட்டுவிட்டு எழுதலாமா?

கேள்வி: தனியார் கல்லூரியில் வேதியியல் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். மனமெல்லாம் அறிவியல் புனைகதையில்தான். அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஐசக் அசிமோவ் பேராசிரியர் பணியை உதறியதால்தான் ஏறத்தாழ 500 நூல்கள் எழுத முடிந்தது என்று படித்தேன். நானும் ராஜினாமா செய்துவிடலாமா? முடித்த கதைகள் இரண்டு கைவசம் உள்ளன. இன்னும் எங்கும் அனுப்பவில்லை.
– ஒரு வாசகி, கோவை

பதில்: நீங்கள் படித்தது பாதிதான் உண்மை. போஸ்டன் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் 1949 முதல் உயிர்வேதியியல் கற்பித்துவந்த அசிமோவ், நிர்வாகத்துடன் மனக்கசப்பு முற்றியதால் 1958இல் சம்பளத்தை இழந்தார். பதவிப் பெயரை மட்டும் போராடித் தக்கவைத்துக்கொண்டார். அதற்குள் எழுத்து வருமானம் சம்பளத்தைத் தாண்டியிருந்தது என்பதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும்.

அந்த நிலையை எட்ட அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. புரூக்ளினில் தந்தை நடத்திய மிட்டாய்க் கடைக்கு விற்பனைக்கு வந்த மலிவு இதழ்களைப் படித்து வளர்ந்தவர் அவர். (அவற்றைத் தொடக்கூடாது என்றிருந்த தந்தை, ஓர் இதழின் பெயரில் 'சயின்ஸ்' என்றிருந்ததைக் கண்டு இளகினாராம், எந்த ஊரிலும் அப்பாக்கள் அப்படித்தான் போலிருக்கிறது.) 1938இல், 18 வயதில், முதல் கதையை எடுத்துக்கொண்டு 'அஸ்டவுண்டிங்' என்ற அறிவியல் புனைகதை இதழின் ஆசிரியர் ஜான் கேம்ப்பெலை நேரிலேயே போய்ப் பார்த்தார். சில நாட்களில் கதை திரும்பி வந்துவிட்டது. மூன்றாவதாக எழுதிய கதைதான் வேறோர் இதழில் 64 டாலருக்கு விலைபோனது. முதல் 11 ஆண்டுகளில் கதைகள் ஈட்டித்தந்த மொத்தத் தொகை 8,000 டாலரைக்கூட எட்டவில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அவருக்குப் புகழ் தேடித்தந்த ரோபோ விதிகளும் (ரோபோ மனிதருக்குத் தீங்கு செய்யக் கூடாது என்பது போல அவர் கதைகளில் வகுத்தவை) 'ஃபவுண்டேஷன்' தொடரின் மூலக் கதைகளும், முனைவர் பட்ட ஆய்வுக்கும் பிலடெல்ஃபியா கடற்படைத் தளத்தில் பார்த்த போர்க்கால வேலைக்கும் நடுவே எழுதப்பட்டவை. முழுநேரமும் கைக்கு வந்த பிறகோ, நெடுங்காலம் அவர் எழுதிக் குவித்தவற்றில் பெரும்பகுதி அறிவியல் விளக்க நூல்களே, புனைகதை குறைந்துபோயிற்று. நீங்கள் விரும்புவது புனைகதை என்றால், அவருடைய வாழ்க்கை ராஜினாமாவுக்குச் சாட்சி சொல்லவில்லை.

ஆகவே வேலையில் இருங்கள். வகுப்புக்கு முன் காலையில் ஒரு மணி நேரத்தை எழுத்துக்கென ஒதுக்குங்கள். எழுத்து வருமானம் தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் வீட்டுச் செலவுக்குக் கட்டுபடியானால் மீண்டும் எனக்கு எழுதுங்கள், அப்போது பேசலாம். அந்த இரண்டு கதைகளை மட்டும் இந்த மாதமே ஏதேனும் இதழுக்கு அனுப்பிவிடுங்கள்.