படைப்பிரிவில் நிறத்தைச் சொல்லி ஒதுக்கினால் எங்கே முறையிடுவது?

கேள்வி: என் தம்பி அமெரிக்கத் தரைப்படையில் சேர்ந்து ஒரு வருடம் ஆகிறது. சார்ஜன்ட் அவன் நிறத்தையும் உச்சரிப்பையும் கேலி செய்கிறார். யாரும் விரும்பாத டியூட்டி எப்போதும் இவனுக்குத்தான். இதையெல்லாம் 1948-லேயே ஒழித்துவிட்டதாகச் சொல்கிறார்களே? வழக்குப் போடலாமா?

பதில்: உங்கள் தம்பி பொறுத்துப்போக வேண்டியதில்லை. ஆனால் வழக்குப் போடும் யோசனையைத் தள்ளி வையுங்கள். வேலையிடப் பாகுபாட்டுக்கு எதிரான 1964-ம் ஆண்டுச் சட்டம் சீருடையில் இருப்பவர்களுக்குப் பொருந்தாது என்றே அங்குள்ள நீதிமன்றங்கள் சொல்லிவருகின்றன. கடற்படை வீரர்கள் ஐந்து பேர் முயன்று பார்த்தார்கள். நல்ல வேலை தருவதில்லை, மதிப்பீட்டைக் குறைக்கிறார்கள், தண்டனை மட்டும் அதிகம் என்பது அவர்கள் குறை. மேலதிகாரிகளிடம் இழப்பீடு கேட்டு வழக்காட முடியாது என்று 1983-ல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொல்லிவிட்டது. என் மனம் இன்றும் ஒப்பாத தீர்ப்பு அது. ஆக, படைக்குள்ளேயே இருக்கும் புகார் வழிதான் முக்கியம். அதற்குச் சான்று வேண்டும்.

இன்றைக்கே ஒரு நோட்டு போடச் சொல்லுங்கள். தேதி, நேரம், இடம், சொன்ன வார்த்தை அப்படியே, கூட இருந்தவர் யார். கேலிப் பேச்சை விட டியூட்டிப் பட்டியல் வலுவான சான்று. ஒரு மாதத்தில் அந்த வேலை இவருக்கு எத்தனை முறை வந்தது, மற்றவர்களுக்கு எத்தனை முறை வந்தது என்று எழுதினால், 'சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன்' என்று யாரும் நழுவ முடியாது. குறுஞ்செய்தி இருந்தால் அழிக்க வேண்டாம்.

அப்புறம் பாகுபாட்டுப் புகார்களைக் கவனிக்கும், பிரிவின் சம வாய்ப்பு அலுவலரைப் பார்க்கட்டும். வாய்மொழியாகச் சொல்லிச் சரிசெய்துகொள்ளலாம், எழுத்துப் புகாரும் கொடுக்கலாம். இந்த அளவுக்குப் போன பிறகு எழுத்துப் புகார்தான் நல்லது என்பேன். விசாரணை நடக்கும், ஆவணம் நிற்கும். தரைப்படையில் சம்பவம் நடந்து 60 நாளுக்குள் கொடுப்பது வெகுகாலமாக உள்ள விதி. இப்போதைய கணக்கை அலுவலரிடமே கேட்டு உறுதிசெய்யட்டும்.

கமாண்டரே அநீதி செய்தால், ராணுவச் சட்டத்தின் 138-வது பிரிவு இருக்கிறது. முதலில் அவரிடமே எழுத்தில் நிவாரணம் கேட்க வேண்டும். மறுத்தால் அடுத்த மேலதிகாரிக்குப் போகலாம்.

1948 பற்றிக் கேட்டீர்கள். அந்த ஆண்டு ஜூலை 26 அன்று அதிபர் ட்ரூமன் கையெழுத்திட்ட ஆணை, படைகளில் இனம், நிறம், மதம், பூர்விகம் பாராமல் சம வாய்ப்பு என்றது. தரைப்படைத் தலைமை இழுத்தடித்தது. கருப்பினத்தவருக்கு மட்டுமான கடைசிப் பிரிவு கலைய 1954 ஆனது. அதன்பிறகும் முகாம்களில் மோதல்கள் நடந்து, 1971-ல் இன உறவுப் பயிற்சிக்கென்றே பாதுகாப்புத் துறை ஒரு நிறுவனம் தொடங்க வேண்டிவந்தது. ஆணையோடு எல்லாம் முடிந்துவிடவில்லை.

பழிவாங்குவார்களோ என்ற பயம் நியாயமானது. இன்ஸ்பெக்டர் ஜெனரலிடமோ (போலீஸ் அல்ல, படைக்குள் முறைகேடுகளை விசாரிப்பவர்) நாடாளுமன்ற உறுப்பினரிடமோ முறையிடுவதை யாரும் தடுக்கக் கூடாது, அதற்காகத் தண்டிக்கவும் கூடாது என்று சட்டமே இருக்கிறது. புகார் கொடுத்த பிறகு திடீரென மதிப்பீடு குறைந்தாலோ இடமாற்றம் வந்தாலோ, அதையும் அதே நோட்டில் தேதியோடு எழுதி, உடனே இன்ஸ்பெக்டர் ஜெனரல் அலுவலகத்தில் தனிப் புகாராகக் கொடுக்கச் சொல்லுங்கள். நோட்டின் ஒரு நகல் உங்களிடம் இருக்கட்டும்.