பர்மாத் தேக்கும் முகப்புரையும்: கடிதம்

அன்புள்ள ஐயா,

கல்லூரியில் படிக்கும் என் மகள் அரசியல் சாசன முகப்புரை பற்றிப் பேச வேண்டும். ‘சமதர்ம’, ‘மதச்சார்பற்ற’ என்ற சொற்கள் 1976இல்தான் சேர்ந்தன என்றால், 1949இல் அந்த லட்சியங்கள் இல்லையா என்று கேட்கிறாள். எனக்கோ நீதி, சமத்துவம் எல்லாமே அலங்காரம் என்றுதான் தோன்றுகிறது. என் ஐயா, அதாவது தாத்தா, பர்மாவுக்குக் கொண்டுவிற்க, அதாவது வட்டித் தொழில் செய்ய, போனவர். அங்கும் புதுச் சாசனம் எழுதினார்கள், இதே வார்த்தைகளோடு. எங்கள் நிலம் போனதுதான் மிச்சம்.

ஒரு வாசகர், தேவகோட்டை

அன்புள்ள நண்பருக்கு,

மகளின் கேள்விக்குச் சுருக்கமாக: சொற்கள் 42ஆவது திருத்தத்தில் வந்தவை. ஆனால் சமய சுதந்திரம் 25ஆம் பிரிவிலும், செல்வம் ஓரிடத்தில் குவியக்கூடாது என்பது 39ஆம் பிரிவிலும் முதலிலிருந்தே உண்டு. மிச்சத்தை அவளே படித்துக்கொள்வாள், உங்களைவிடப் பொறுமைசாலியாகத் தெரிகிறாள்.

என்னைப் பிடித்து நிறுத்தியது உங்கள் பர்மா. போன வாரம்தான் அவர்களுடைய 1947 சாசனத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் சொல்வது சரி, நீதி, சுதந்திரம், சமத்துவம் மூன்றும் அதன் முகப்பில் இருக்கின்றன. உள்ளே 30ஆம் பிரிவு, நிலம் முழுவதற்கும் இறுதி உரிமையாளர் அரசே என்றது. அடுத்த ஆண்டே நிலத்தை நாட்டுடைமையாக்கும் சட்டம் வந்தது.

‘எங்கள் நிலம்’ என்று எழுதும்போது கை கூசவில்லையா உங்களுக்கு? 1930இல் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையிலிருந்தது சுமார் 6 சதவீத நிலம். 1938இல் 25. நெல் விலை விழுந்தது, செட்டியாரிடம் வாங்கிய கடனைக் கட்ட முடியாத சம்சாரி, அதாவது விவசாயி, நிலத்தை எழுதிக் கொடுத்தான், அவ்வளவுதான் கதை. உங்கள் ஐயாவைக் குறை சொல்லவில்லை. என் ஐயாவும் அங்கே வட்டிக்கடைப் பெட்டியடியில் உட்கார்ந்தவர்தான். 1942இல் ஜப்பான்காரனுக்குப் பயந்து காடும் மலையுமாக நடந்து வந்தவர். சாகும்வரை கால் வீக்கம் வற்றவில்லை. அந்தக் காலைப் பிடித்துவிட்டவன் நான். ஆனால் அந்தப் பர்மிய சம்சாரிக்கும் ஒரு பேரன் இருப்பான். அவனும் எங்கோ ‘எங்கள் நிலம்’ என்று கடிதம் எழுதிக்கொண்டிருப்பான்.

பர்மாவின் முகப்புரையில் இல்லாத ஒரு சொல் நம்முடையதில் இருக்கிறது. சகோதரத்துவம். 1946 டிசம்பர் 13 அன்று அரசியல் நிர்ணய சபையில் நேரு முன்வைத்த, முகப்புரைக்கு அடிப்படையான குறிக்கோள் தீர்மானத்தில்கூட அது கிடையாது. அம்பேத்கர் தலைமையிலான வரைவுக் குழு சேர்த்தது. 1948 பிப்ரவரி 21 அன்று வரைவை ஒப்படைத்தபோது, இந்தியாவில் சகோதர இணக்கம் இவ்வளவு தேவைப்பட்ட காலம் வேறில்லை என்று காரணமும் எழுதினார்கள். காந்தி சுடப்பட்டு மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. இதையா அலங்காரம் என்கிறீர்கள்? சகோதரத்துவம் இல்லாவிட்டால் சுதந்திரத்தையும் சமத்துவத்தையும் நிலைநாட்ட ஒரு போலீஸ்காரர் வேண்டியிருக்கும் என்று 1949 நவம்பர் 25 அன்று அம்பேத்கர் சபையிலேயே சொன்னார்.

அதை எனக்குப் புரியவைத்தது எங்கள் வீடுதான். ஒரே வளவை, அதாவது நடு முற்றத்தை, சுற்றிப் பதினோரு புள்ளி. கல்யாணமான ஒவ்வொரு குடும்பமும் ஒரு புள்ளி. கல்யாணம் ஆனதும் வேறு வைத்துவிடுவார்கள், ஒரே கூரைக்குக் கீழே தனித்தனி அடுப்பு. ஆனாலும் அப்பத்தா இருந்தவரை எந்த அடுப்பில் பணியாரம் வேகிறதோ அங்கே பிள்ளைகள் எல்லோரும் இருப்போம். அவர் போன பிறகு பங்காளிகள் கோர்ட்டுக்குப் போனார்கள், பதினான்கு வருஷம். கோர்ட் அனுப்பிய கமிஷனர் டேப்போடு வந்து பர்மாத் தேக்குத் தூண்களைக்கூட எண்ணினார். தீர்ப்பில் ஒரு குறையும் சொல்ல முடியாது, நீதியும் சமத்துவமும் அங்குலக் கணக்கில் கிடைத்தன. அறைக்கு அறை பூட்டு. வளவு மட்டும் பொது என்று விட்டார்கள்.

போன ஐப்பசி மழையில் வளவுப் பக்கத்து ஓடு சரிந்து, இரண்டு தூண்களில் தண்ணீர் இறங்குகிறது. செலவைப் பகிர்ந்துகொள்ளலாமா என்று கேட்கச் சித்தப்பா மகனுக்கு மூன்று முறை போன் செய்தேன். இன்னும் எடுக்கவில்லை.