இரும்பு வேலை செய்பவர் கேம் எஞ்சினில் பந்தயக் காரை உருவாக்கினால், கைவேலை அனுபவம் எவ்வளவு தூரம் உதவும்?

வத்தளையில் கேட், கிரில் வேலை செய்யும் ஒருவர் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார். பிளெண்டர் என்ற முப்பரிமாண வரைகலை மென்பொருளை ஓரளவு பழகிவிட்டதாகவும், பழைய மினி பந்தயக் கார் ஒன்றை விளையாட்டுகளை உருவாக்கும் மென்பொருளான (கேம் எஞ்சின்) அன்ரியல் எஞ்சினில் ஓடக்கூடியதாக உருவாக்க விரும்புவதாகவும், தன் இரும்பு வேலை அனுபவம் அதற்கு உதவுமா, அல்லது எல்லாவற்றையும் ஆரம்பத்திலிருந்து படிக்க வேண்டுமா, செலவு எப்படி என்றும் எழுதியிருக்கிறார். நான் கிராண்ட்பாஸ் பக்கத்தில் ஒரு பட்டறையில் பந்தயக் கார்களுக்கு ரோல் கேஜ் (கார் கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் குழாய்க் கூண்டு), சப்ஃபிரேம் (சஸ்பென்ஷனைத் தாங்கும் துணைச் சட்டம்), இருக்கைத் தாங்கி போன்றவற்றைச் செய்பவன்; இரவில் அதே கார்களைக் கணினியில் உருவாக்குகிறேன். இரண்டையும் செய்பவன் என்ற முறையில் சொல்வதானால், உங்களுடைய அளவெடுக்கும் பழக்கம் முழுமையாகப் பயன்படும். குழாயின் தடிப்பு, வெல்டிங்கின் ஆழம், இரும்பின் தரம் ஆகியவற்றைப் பற்றி நீங்கள் அறிந்தவற்றில் பெரும்பகுதியை எஞ்சின் கேட்கவே கேட்காது.

அன்ரியல், அதைப் போன்ற இன்னொரு கேம் எஞ்சினான யூனிட்டி ஆகியவற்றோடு வரும் வாகன அமைப்புகளில் கார் என்பது வளையாத ஒரே திண்மப் பொருள். அதன் நிறை நீங்கள் தட்டச்சுச் செய்யும் ஓர் எண் மட்டுமே. எஞ்சின் ஒவ்வொரு கணக்கிலும் சக்கரம் இருக்கும் இடத்திலிருந்து கீழ்நோக்கிப் பார்த்து, தரை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதை அறிந்து, ஸ்பிரிங் எவ்வளவு அமுங்கியிருக்க வேண்டும் என்று கண்டு, அதற்குரிய விசையை உடலின் மீது செலுத்துகிறது. நீங்கள் பார்க்கும் சஸ்பென்ஷன் கைகளும் போல்ட்டுகளும் அந்தக் கணக்கில் இல்லை. அவை கண்ணுக்காக மட்டும் அசைபவை. சர்வதேச மோட்டார் வாகனச் சம்மேளனமான எஃப்ஐஏயின் விதிப்படி ரோல் கேஜின் பிரதான வளையம் 45 மில்லிமீற்றர் விட்டமும் 2.5 மில்லிமீற்றர் தடிப்பும், அல்லது 50 மில்லிமீற்றர் விட்டமும் 2 மில்லிமீற்றர் தடிப்பும் கொண்ட தையலற்ற குழாயாக இருக்க வேண்டும். நீங்கள் அந்த விதியை ஒழுங்காகப் பின்பற்றினாலும், கேஜையே வைக்காமல் விட்டாலும், திரையில் அந்தக் கார் வளைவில் ஒரே மாதிரித்தான் திரும்பும். ஆகவே சக்கர மையங்கள் நான்கு, ஈர்ப்பு மையம் ஒன்று ஆகிய ஐந்து புள்ளிகளைச் சரியான இடத்தில் வைப்பதற்கே உங்கள் நேரத்தில் பெரும்பகுதியைக் கொடுங்கள் என்பேன்.

அந்தப் புள்ளிகளை எடுப்பதில், இணையத்தில் கிடைக்கும் பக்கவாட்டுப் படத்தைப் பின்னணியில் வைத்துக் கோடு வரைபவரைவிட நீங்கள் நெடுந்தூரம் முன்னால் நிற்கிறீர்கள். உண்மையான காரைத் தொட்டு அளக்க வாய்ப்பு இருந்தால், அதை ஸ்டாண்டுகளின் மீது ஏற்றி, ரசமட்டம் வைத்துச் சமப்படுத்தி, சக்கர மையங்களிலிருந்தும் சப்ஃபிரேம் பூட்டும் இடங்களிலிருந்தும் தூக்குக்குண்டு விட்டு, சீமெந்துத் தரையில் சோக்கால் குறியுங்கள். காரை நகர்த்திய பிறகு எஞ்சும் குறிகளில் மூலைக்கு மூலை அளந்து, இரண்டு குறுக்களவுகளும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். பந்தயத்தில் அடிபட்டு நிமிர்த்தப்பட்ட பழைய உடல்களில் அவை பெரும்பாலும் ஒத்துப்போவதில்லை. அப்படியானால் இரண்டு பக்கங்களின் சராசரியை எடுத்து, ஒரு பாதியை மட்டும் வரைந்து, மறுபாதியை மிரர் மூலம் பெறுவது நல்லது. 1959 இல் வெளிவந்த மினியின் சக்கர அச்சுகளுக்கு இடையிலான தூரம் 2,036 மில்லிமீற்றர், மொத்த நீளம் மூன்று மீற்றருக்குச் சற்று மேல். உங்கள் அளவுநாடா இந்த எண்ணிலிருந்து அதிகம் விலகினால், அந்தக் கார் எங்கோ நீட்டியோ வெட்டியோ ஒட்டப்பட்டிருக்கிறது.

பட்டறையில் அளவெல்லாம் மில்லிமீற்றரில் நடக்கிறது. பிளெண்டர் இயல்பாக ஓர் அலகை ஒரு மீற்றராக எடுத்துக்கொள்கிறது. அன்ரியலில் ஓர் அலகு ஒரு சென்ரிமீற்றர். யூனிட்டியில் அது மீண்டும் ஒரு மீற்றர். உடலை மட்டும் ஏற்றுமதி செய்தால் இந்த வேறுபாடு தெரியாமலே சரியாகிவிடும். எலும்புகளோடு (பாகங்களை அசைப்பதற்காக மாடலுக்குள் வைக்கும், கண்ணுக்குத் தெரியாத இணைப்புகள்) ஏற்றுமதி செய்யும்போதுதான் மூல எலும்பில் நூறு மடங்கு அளவுப்பெருக்கம் ஒட்டிக்கொண்டு, பௌதிகக் கணக்கைக் குழப்பிவிடுகிறது. வேலையைத் தொடங்கும்போதே பிளெண்டரின் யூனிட் ஸ்கேலை 0.01 ஆக வைத்து, அன்ரியலுக்குள் வந்த பின்னர் முன், பின் சக்கர எலும்புகளுக்கு இடையிலான தூரம் 203.6 என்று காட்டுகிறதா என்று பார்ப்பதே எனது வழக்கம். அன்ரியலின் கேயாஸ் வாகன அமைப்புக்கு ஒரு மூல எலும்பும், சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு எலும்புகளும் இருந்தால் போதுமானது. கார் எக்ஸ் அச்சின் நேர்த்திசையை நோக்கி நிற்க வேண்டும். சக்கர எலும்பு, சக்கரம் பூட்டும் ஹப்பின் நட்டநடு மையத்தில் இல்லாவிட்டால், சக்கரம் சுழலும்போது வளைந்த ரிம்மைப் போல ஆடும்.

ஈர்ப்பு மையத்துக்கு வருவோம். எஞ்சின் தானாகக் கணிக்கும் மையம், நீங்கள் கொடுத்த மோதல் பெட்டி (மோதலைக் கணக்கிடக் காருக்குக் கொடுக்கும் எளிய வடிவம்) முழுவதும் ஒரே அடர்த்தி என்ற ஊகத்தில் அமைகிறது. அதன்படி கூரைக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் ஒரே மதிப்பு. மினியோ முன்பாரம் கூடிய கார். நான்கு சக்கரங்களின் கீழும் தராசு வைத்து நிறுத்தபோது மொத்தம் 640 கிலோவும், அதில் முன் அச்சில் 400, பின் அச்சில் 240 கிலோவும் வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். 2,036 ஐ 240 ஆல் பெருக்கி 640 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 764 கிடைக்கிறது. முன் அச்சிலிருந்து பின்னோக்கி அத்தனை மில்லிமீற்றரில் ஈர்ப்பு மையம் இருக்கிறது. உயரத்தைக் காண, பின் அச்சைத் தூக்கி வைத்து, முன் தராசில் எவ்வளவு கூடுகிறது என்று பார்த்துக் கணக்கிடலாம். ஆனால் அப்போது சஸ்பென்ஷன் அசையக்கூடாது. அதற்கு ஷாக் அப்சோர்பருக்குப் பதிலாகப் பூட்ட ஒரு வெற்றுக் குழாயை அளவாக வெட்டி இரு முனைகளிலும் கண் வைத்து ஒட்டுவது, உங்களுக்குத் தேநீர் ஆறுவதற்குள் முடியும் வேலை. கணினி மட்டும் தெரிந்தவருக்கு அது நடக்காத காரியம்.

ஸ்பிரிங் கணக்கில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. உண்மையான காரில் ஸ்பிரிங் சக்கரத்துக்கு உள்ளே, சஸ்பென்ஷன் கையின் நடுவில் எங்கோ அமர்ந்திருக்கும். எஞ்சினில் அது நேராகச் சக்கரத்தின் மீதே நிற்கிறது. சக்கரம் 10 மில்லிமீற்றர் ஏறும்போது ஸ்பிரிங் 7 மில்லிமீற்றர் மட்டும் அமுங்குமானால் விகிதம் 0.7, அதன் வர்க்கம் 0.49. எனவே பெட்டியில் மில்லிமீற்றருக்கு 80 நியூட்டன் என்று எழுதப்பட்ட ஸ்பிரிங், சக்கரத்தில் மில்லிமீற்றருக்கு 39 நியூட்டன் அளவுக்குத்தான் வேலை செய்கிறது. பெட்டியில் உள்ள எண்ணை அப்படியே எஞ்சினுக்குக் கொடுப்பவர்களின் கார்கள்தான் மேசைமேல் போட்ட பந்து போலக் குதிக்கின்றன. மினியில் இதற்கு மேலும் ஒரு சிக்கல்: அதன் மூல வடிவமைப்பில் இரும்புச் சுருளே கிடையாது, அலெக்ஸ் மோல்ட்டன் வடிவமைத்த ரப்பர் கூம்புகள்தான் ஸ்பிரிங். ரப்பர் அமுங்க அமுங்கக் கடினமாகிக்கொண்டே போகும். எஞ்சினின் இயல்பான ஸ்பிரிங் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே கடினத்தில் நிற்கும். கார் நிலையாக நிற்கும் உயரத்தில் உள்ள கடினத்தை எடுத்து, சஸ்பென்ஷன் பயணத்தைச் சுருக்கி வைத்தால் ஓரளவு சமாளிக்கலாம். முழுமையாக வேண்டுமானால், அமுக்கத்துக்கு ஏற்ற விசையை வளைகோட்டிலிருந்து படிக்கும் சிறு நிரல் ஒன்றை எழுதத்தான் வேண்டும்.

யூனிட்டியைத் தேர்ந்தெடுத்தால் நேர இடைவெளியையும் பாருங்கள். அதன் பௌதிகக் கணக்கு இயல்பாக 0.02 நொடிக்கு ஒருமுறை நடக்கிறது. மணிக்கு 200 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு கார் அதற்குள் 1.1 மீற்றர் கடந்துவிடும். களுத்துறைக்கு அருகில் உள்ள கட்டுக்குருந்தைப் பந்தயத் தளத்தின் மேடுபள்ளங்களைப் பாடுபட்டு வரைந்தாலும் கார் அவற்றில் பாதியைத் தொடாமலே தாண்டிப் போகும். 0.005 நொடியாகக் குறைத்தால் கடினமான ஸ்பிரிங்குகளும் அடங்கி நடக்கும்.

உருவத்தைப் பொறுத்தவரை, பழக்கதோஷத்தில் நாம் செய்துவிடக்கூடிய வீண் வேலைகள் சில உண்டு. கேஜின் குழாய்களை நடுக்கோடாக வரைந்து, பிளெண்டரின் கர்வ் பெவலில் ஆரையைக் கொடுத்தால் போதும். 45 மில்லிமீற்றர் குழாய்க்கு 22.5. வளைவின் நடுக்கோட்டு ஆரையும் விட்டத்தின் மூன்று மடங்குக்குக் குறையக்கூடாது என்பது எஃப்ஐஏ விதி; 45க்கு அது 135 மில்லிமீற்றர். அதைவிட இறுக்கமாக வளைத்த கேஜைப் படத்தில் பார்த்தாலே உங்கள் கண் உறுத்தும். ஆனால் குழாயும் குழாயும் சேரும் இடத்தில் ஒன்றின் முனையை மற்றதன் வளைவுக்குப் பொருந்தக் குடையும் மீன்வாய் வெட்டு வெட்ட வேண்டாம். ஒன்றை மற்றொன்றுக்குள் செருகிவிடுங்கள். வெல்டிங்கின் திரட்டை நோர்மல் மேப்பில் (தட்டையான பரப்பில் மேடுபள்ளம் இருப்பது போலக் காட்டும் படம்) வையுங்கள். தகட்டுக்கு இரண்டு முகங்களும் தேவையில்லை, ஆனால் ஒற்றை முகத் தகடு பின்பக்கத்திலிருந்து பார்க்கும்போது காணாமல் போய்விடும். ஆகவே வெளியே தெரியும் விளிம்புகளில் மட்டும் பத்து மில்லிமீற்றர் அளவுக்கு உட்பக்கம் மடித்து விடுங்கள்.

உங்கள் கண் மற்றவர்களை வெல்லும் இடம் விளிம்பும் மேற்பரப்பும். மடித்த தகட்டின் மூலை ஒருபோதும் கத்தி முனையாக இருப்பதில்லை. அந்த ஒன்றிரண்டு மில்லிமீற்றர் உருட்சியில்தான் ஒளி பட்டுத் தெறிக்கிறது, அது இல்லாத மாடல் பிளாஸ்டிக் விளையாட்டுச் சாமானாகத் தெரியும். மேற்பரப்பு உலோகமா இல்லையா என்று எஞ்சினுக்குச் சொல்லும் மெட்டாலிக் என்ற அளவில் வெறும் இரும்புக்கு 1, பெயின்ட் பூசிய இரும்புக்கு 0, துருவுக்கும் 0. கீழே இருப்பது இரும்புதானே என்று பெயின்டுக்கு 0.5 கொடுக்கக்கூடாது, ஏனென்றால் ஒளி சந்திப்பது பெயின்டைத்தான். டிக் வெல்டிங் செய்த ஸ்டெயின்லஸ் சைலன்ஸர் குழாயில் வைக்கோல் நிறத்திலிருந்து நீலத்துக்குப் போகும் வெப்பக் கறையை எந்த வரிசையில் வரைய வேண்டும் என்று உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இரும்பின் பலத்தை உண்மையாகவே கணக்கில் எடுக்கும் விளையாட்டு ஒன்று இருக்கிறது: பீம்என்ஜி டிரைவ். அதில் வாகனம் நிறையுள்ள முடிச்சுகளாலும், அவற்றை இணைக்கும் நெகிழக்கூடிய கம்பிகளாலும் ஆனது. முக்கோணமாகப் பிணைக்காத சட்டம் அங்கே பட்டறையில் சரிவது போலவே சரியும். உங்களுக்கு ஆர்வம் அழகில் அல்லாமல் கட்டமைப்பில் என்றால், அன்ரியலைவிட அதற்கு ஒரு காரைச் செய்வது மனநிறைவு தரலாம், எனக்குத் தந்தது. ஆனால் அது தனி விளையாட்டு, அதன் மீது உங்கள் சொந்த விளையாட்டை உருவாக்க முடியாது.

நுவரெலியாவில் 1934 முதல் நடக்கும் மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயத்துக்கு அந்த மினியைக் கொண்டுபோக எண்ணினால், காரின் எஞ்சினுக்குரிய டோர்க் (சுழல்விசை) வளைகோட்டையும் மாற்றுங்கள். 1,800 மீற்றருக்கு மேல் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ 17 சதவீதம் குறைவு. டர்போ இல்லாத எஞ்சின் அதற்கு நெருங்கிய அளவில் வலுவை இழக்கும். கொழும்பில் எடுத்த டைனோ (எஞ்சினின் வலுவை அளக்கும் இயந்திரம்) எண்களை அப்படியே வைத்தால் கார் மலையில் பொய்யாக ஓடும்.

செலவைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். பிளெண்டர் இலவசம். அன்ரியலுக்கு, ஒரு விளையாட்டின் வருமானம் பத்து இலட்சம் அமெரிக்க டொலரைத் தாண்டும்வரை எதுவும் கொடுக்கத் தேவையில்லை. அதற்கு மேற்பட்ட தொகையில் 5 சதவீதம். மினி என்ற பெயரும் சின்னமும் பிஎம்டபிள்யூ நிறுவனத்துக்குச் சொந்தமானவை. உங்களுக்காக மட்டும் செய்தால் பிரச்சினை எழாது, விற்பதாக இருந்தால் பெயரையும் பேட்ஜையும் எடுத்துவிட்டு, முன் கிரிலையும் உங்கள் சொந்த வடிவத்தில் செய்துகொள்ளுங்கள்.