சூப்பர்மேனின் கருணை – கடிதம்

வணக்கம்.

கிராஃபிக் நாவல்கள் எனப்படும் படக்கதைப் புத்தகங்கள் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு ‘ஆல்-ஸ்டார் சூப்பர்மேன்’ வாங்கினேன். குதித்துவிட மாடி விளிம்பில் நிற்கும் பெண்ணோடு சூப்பர்மேன் பேசும் பக்கத்தில் அழுதுவிட்டேன். அதற்கப்புறம் அடிதடி நாயகர்கள் பக்கமே போகப் பிடிக்கவில்லை. நண்பர்களோ, “எதையும் செய்ய முடிகிறவனுக்கு என்ன கதை இருக்கும்? போரடிக்கும்” என்கிறார்கள். அவர்களுக்கு என்ன பதில் சொல்வது?

க.

அன்புள்ள க.,

அந்தப் பக்கத்தைவிட நல்ல பதில் கிடைக்காது. கிராண்ட் மாரிசன் எழுதி, ஃப்ராங்க் க்வைட்லி வரைந்து, 2005 முதல் 2008 வரை 12 இதழ்களாக வந்த தொடர் அது. நீங்கள் சொல்லும் இடம் பத்தாவது இதழில் வருகிறது. சூரியக் கதிர்வீச்சு அளவுமீறி உடலில் ஏறி, சூப்பர்மேன் செத்துக்கொண்டிருக்கிறான். உயில் எழுதுகிறான். தலைக்குமேல் வேலை கிடக்கிறது. அதற்கு நடுவில்தான் இந்தப் பெண்.

கண் இமைப்பதற்குள் அவளைத் தூக்கிக்கொண்டு போயிருக்கலாம். அப்படிச் செய்யாமல் அவளுக்குப் பின்னால் வந்து நிற்கிறான். உன் டாக்டர் நிஜமாகவே வழியில் மாட்டிக்கொண்டார் என்கிறான். நீ நினைப்பதைவிட வலிமையானவள் என்று அடுத்துச் சொல்வதைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். எனக்கு முதலில் சொன்னதுதான் பெரிது. டாக்டரும் தன்னைக் கைவிட்டுவிட்டார் என்று அவள் எண்ணியிருக்கலாம். ஆறுதலுக்கு முன்னால் அந்த முள்ளை எடுத்துவிடுகிறான். இங்கே அவனுக்கு உதவியது தோள்பலம் இல்லை, தூரத்துப் பேச்சையும் கேட்டுவிடும் காது. பிறகு ஒரு அணைப்பு. ஒரே பக்கம், அவ்வளவுதான்.

மலையைப் புரட்டுகிறவனுக்கு மலை ஒரு பிரச்சினையே இல்லை, சரி. பலத்தால் ஆகாத இடத்தில் அவன் என்ன செய்வான் என்பதில்தான் கதை தொடங்குகிறது. உங்கள் நண்பர்கள் மலையைப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிட்டார்கள் போல.

ஆனால் அடிதடியை நீங்கள் ஒதுக்குவதை ஏற்க மாட்டேன். 1938-இல் ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழில் ஜெர்ரி சீகலும் ஜோ ஷஸ்டரும் அறிமுகப்படுத்திய சூப்பர்மேன் பெரிய முரடன். நிரபராதியான ஒரு பெண்ணை மின்சார நாற்காலியில் உட்கார வைக்கப் போகிறார்கள். அவன் நள்ளிரவில் ஆளுநர் வீட்டுக்குள் புகுந்து, இரும்புக் கதவைப் பெயர்த்தெடுத்து அவரை எழுப்புகிறான். உண்மைக் குற்றவாளியைக் கட்டிக் கொண்டுவந்து வெளியே புல்தரையில் போட்டிருக்கிறான். அடுத்து, மனைவியை அடிக்கும் ஒருவனைப் பிடித்துச் சுவரில் வீசுகிறான். படைத்தவர்கள் இருவருக்கும் அப்போது இருபதுகளின் வயது. அந்த வயதின் சூடு ஒவ்வொரு கட்டத்திலும் தெரிகிறது. அதுவும் கருணைதான், கோபத்தோடு வருகிற கருணை. மாடி விளிம்பில் பொறுமையாக நிற்பவன் இவனிடமிருந்து வந்தவன்தான்.

நண்பர்களிடம் முழுப் புத்தகத்தையும் தூக்கிக் கொடுக்காதீர்கள். பத்தாவது இதழை மட்டும் பிரித்துக் காட்டுங்கள். பிடித்தால் முதல் இதழை அவர்களே கேட்பார்கள்.