பிள்ளை வரப்போகுது, கிரேக்க அப்பாக்கள் நடுங்குகிறார்கள்: கேள்வி பதில்

கிரேக்கப் புராணத்தில் அப்பா ஆகப்போகிறவர்களின் பயத்தைப் பற்றிக் கேளுங்கள் என்றிருந்தேன். முதலிலேயே ஒன்று: பிள்ளைகளை விழுங்கிய குரோனோஸ் வேறு, காலம் என்று பொருள்படும் குரோனோஸ் வேறு. தமிழில் எழுதினால் ஒன்றுபோலத் தெரியும். கிரேக்கத்தில் முதல் எழுத்தே வேறு.

கேள்வி: குரோனோஸ் ஏன் பெற்ற பிள்ளைகளை விழுங்கினான்?

பதில்: அப்பன் யுரேனஸை அரிவாளால் வெட்டிப் பதவிக்கு வந்தவன் அவன். உன் மகனும் உன்னைக் கவிழ்ப்பான் என்று குறி சொல்லிவிட்டார்கள். ஹெஸ்டியா, டிமீட்டர், ஹேரா, ஹேடிஸ், பொசைடன் என்று ஐந்து பேரும் வயிற்றுக்குள் போனார்கள். ஆறாவதாக ஸீயஸ் பிறந்தபோது மனைவி ரேயா ஒரு கல்லைத் துணியில் சுற்றிக் கொடுத்தாள். அதையும் விழுங்கினான். கல்லுக்கும் குழந்தைக்கும் கனம் தெரியவில்லை என்றால், ஒரு பிள்ளையையாவது ஒழுங்காக ஏந்திப் பார்த்திருப்பானா?

கேள்வி: ஸீயஸ் திருந்தினாரா?

பதில்: எங்கே! அதே பயத்தில், கர்ப்பிணியாக இருந்த மனைவி மெட்டிஸையே விழுங்கினார். அத்தீனா அவர் தலையைப் பிளந்துகொண்டு வந்தாள்.

கேள்வி: இது நம் கம்சன் கதைதானே?

பதில்: கம்சன் தாய்மாமன். நீங்கள் தேட வேண்டியது அக்ரிசியஸ், பெர்சியஸின் தாத்தா; பேரன் கையால் சாவு என்று குறி கேட்டு மகளைச் சிறை வைத்தவன்.

கேள்வி: ஈடிபஸின் அப்பா லாயஸுக்கு வேறு வழி இருந்ததா?

பதில்: மகன் கையால் சாவு என்று டெல்ஃபி கோயிலில் குறி சொன்னார்கள். குழந்தையின் கணுக்காலைத் துளைத்து, கித்தெரோன் மலையில் போடச் சொல்லி இடையனிடம் கொடுத்தான். ஈடிபஸ் என்றாலே வீங்கிய பாதம். பின்னால் முச்சந்தியில் அப்பன் என்று தெரியாமலே அவனைக் கொன்றான்; வீட்டில் வளர்ந்த பிள்ளையாக இருந்தால் முகமாவது தெரிந்திருக்கும்.

கேள்வி: அகிலிஸின் அப்பா பீலியஸ் அலறியது தப்புதானே? மனைவியை நம்பியிருக்கலாம்.

பதில்: இதையே பல பேர் கேட்டுவிட்டீர்கள், உங்களுக்குள் சண்டையும் போட்டாயிற்று. நான் பீலியஸ் பக்கம். அவன் மனைவி தெட்டிஸ் தேவதை, அகிலிஸை இரவில் நெருப்பில் வைப்பாள், பகலில் அமுதம் பூசுவாள். சாகிற அம்சத்தை எரித்து எடுக்கிறாளாம். புருஷனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நடுராத்திரி விழித்தவன் கண்ணில் பட்டது, நெருப்பில் நெளியும் குழந்தை. அலறாமல் என்ன செய்வான்? கிரேக்கக் கவிஞர் அப்பொல்லோனியஸ் சொல்கிறபடி, அவள் வீறிட்ட குழந்தையைப் பிடுங்கித் தரையில் எறிந்துவிட்டு, காற்றாகப் போய்க் கடலில் குதித்தாள். திரும்பி வரவே இல்லை. அப்புறம் பிள்ளையைப் பாதி மனிதன் பாதி குதிரையான கைரோன் வளர்த்தார்.

'தாய் என்றால் புரிந்துகொண்டிருப்பாள்' என்பவர்களுக்கு: எலூசிஸில் டிமீட்டர் இதே வேலையை டெமோஃபோன் என்ற குழந்தைக்குச் செய்தபோது அலறியது பெற்ற தாய் மெட்டானிராதான். இதில் ஆண் பெண் வித்தியாசம் இல்லை.

கேள்வி: தெட்டிஸ் அகிலிஸைக் குதிகாலைப் பிடித்து ஆற்றில் முக்கியது?

பதில்: ஹோமரில் இல்லை. கி.பி. முதல் நூற்றாண்டின் ரோமானியக் கவிஞர் ஸ்டேஷியஸ் பக்கம் போய்த் தேடுங்கள்.

கேள்வி: குரோனோஸ் பிள்ளைகளைத் தின்பது, காலம் எல்லாவற்றையும் தின்கிறது என்ற உருவகம்தானே?

பதில்: முதல் பத்தி.

கேள்வி: சார், காலம் என்பதால்தான் குரோனோஸ் கையில் அரிவாளா?

பதில்: முதல் பத்தி, ஐயா.

கேள்வி: என் மனைவிக்கு எட்டாம் மாதம். இவர்களில் யாரைப் போல இருக்கலாம்?

பதில்: டிராய் இளவரசன் ஹெக்டரைப் போல. ஹோமரின் இலியட், ஆறாம் காண்டம். போருக்கு நடுவே வந்து மகனைத் தூக்கக் கை நீட்டுகிறான். தலைக்கவசத்தின் மேல் ஆடும் குதிரைமயிர்க் குஞ்சத்தைப் பார்த்துக் குழந்தை பயந்து அழுது, தாதியின் மார்பில் ஒட்டிக்கொள்கிறது. அப்பாவும் அம்மாவும் சிரித்துவிடுகிறார்கள். ஹெக்டர் தலைக்கவசத்தைக் கழற்றித் தரையில் வைக்கிறான். பிறகு பிள்ளையை முத்தமிட்டுக் கைகளில் ஆட்டி, 'அப்பனைவிட இவன் மேல்' என்று ஊர் சொல்ல வேண்டும் என வேண்டுகிறான். மேலே சொன்ன அப்பாக்கள் எதற்குப் பயந்தார்களோ, அதையே இவன் வரமாகக் கேட்கிறான்.

அந்தக் குழந்தைக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்று இப்போது கேட்காதீர்கள். பிரசவம் நல்லபடியாக முடியட்டும், ஒரு வருஷம் கழித்துச் சொல்கிறேன்.